மூன்று லிபியில் ஒரு முல்லை: தாதரில் லோகோ எழுத்து வரையக் கொடுத்த அனுபவம்

மும்பையில் தமிழ்ப் பெயர் வைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை லோகோவுக்கு எழுத்தைத் தனியாக வரையக் கொடுக்கலாமா, இருக்கிற ஃபான்டில் அடித்து முடித்துவிடலாமா என்று கேட்டால், வரையக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். இந்த ஊரில் நம் பெயர் ஒரு லிபியில் மட்டும் நின்றால் போதாது. இரண்டு மூன்று லிபிகளை ஒரே குடும்பமாக நிறுத்தத் தெரிந்த கை வேண்டும். அப்படி ஒரு கை எங்களுக்குக் கிடைத்தது.

தாதர் மேற்கில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடி அறையில் தனியாக வேலை செய்கிறார் இந்த எழுத்தோவியர். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். மராத்தியும் வீட்டு மொழி மாதிரியே பேசுகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமல் எழுதுகிறேன்.

எங்களுடையது அப்பளம், வடகம், மோர்மிளகாய் வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆச்சி தாராவியில் ஆரம்பித்தது. கடைப் பெயரில் 'முல்லை' என்ற சொல் வரும். லோகோவுக்கு அந்தச் சொல்லை மட்டும், தமிழ், மராத்தி, ஆங்கிலம் மூன்றிலும் எடுத்துக்கொண்டோம். இத்தனை வருஷமும் பாக்கெட்டில் ஒரு எழுத்து, போர்டில் ஒரு எழுத்து, பில் புத்தகத்தில் வேறொரு எழுத்து. அச்சடிக்கிறவர் கம்ப்யூட்டரில் அன்றைக்கு எது இருந்ததோ அதுதான் எங்கள் முகம். சயானில் புதுக் கடை எடுத்தபோது இதை நிறுத்திவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதல் சந்திப்பிலேயே எனக்கு நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பென்சிலை எடுக்கும் முன் அவர் லேப்டாப்பைத் திறந்து 'முல்லை'யைப் பல ஃபான்டுகளில் அடித்துக் காட்டினார். "அக்கா, இதுல ஏதாவது ஒண்ணு உங்களுக்குப் போதும்னா எனக்குக் காசு கொடுக்க வேண்டாம். இதெல்லாம் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்" என்றார். பாலூ தம்பி இருந்தது, அனேக் இருந்தது, முக்தா மலர் இருந்தது. மூன்றும் இந்த மும்பையிலேயே உள்ள ஏக் டைப் குழு செய்தவை என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். திறந்த உரிமத்தில் வெளியிட்டிருப்பதால் லோகோவில் வைத்துக்கொள்ளத் தடை இல்லை. கேட்டமரன் இருந்தது, நோட்டோ இருந்தது. விண்டோஸில் நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய லதாவையும் காட்டினார். ஐஐடி பம்பாயில் பாடம் சொன்ன ஆர்.கே. ஜோஷியின் மேற்பார்வையில் அதுவும் இதே ஊரில் உருவானது என்றார். திரையில் படிப்பதற்குச் செய்த எழுத்தைப் பத்தடி போர்டில் இழுத்து ஒட்டிவிட்டு, எழுத்து சரியில்லை என்று சொல்வது நியாயமில்லை என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

பாலூ தம்பி அழகான எழுத்துதான், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதைக் காட்டிய கையோடு, அதே எழுத்தில் எத்தனை மாவு பாக்கெட், எத்தனை டிபன் கடை இருக்கிறது என்று என் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. அப்பளம் கடைத்தட்டில் பத்து கம்பெனி பாக்கெட்டோடு அடுக்கிக் கிடக்கிற சரக்கு. தூரத்திலிருந்து பார்த்தாலே எங்களுடையது என்று தெரிய வேண்டும்.

அடுத்து அவர் கேட்டது எங்கள் பாக்கெட், பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், டெம்போவில் ஒட்டுகிற ஸ்டிக்கர், புதுக் கடையின் முகப்பு அளவு. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் பேசினார். எழுத்து எங்கெங்கே போய் உட்காரப்போகிறது என்று தெரியாமல் வரைய மாட்டாராம்.

இனி 'முல்லை'க்கு வருகிறேன். இந்தச் சொல்லை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஆனால் அவர் டிரேசிங் பேப்பரில் வரைந்து காட்டியபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மு, ல், அப்புறம் ஐகாரக் கொம்பு, கடைசியில் ஒரு ல. படிக்கும்போது மூன்று எழுத்து, தாளில் நான்கு உருவம். அதில் ல இரண்டு முறை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் ஒரு சுழி. நடுவில் நிற்கிற கொம்புக்கு இரண்டு சுழி. ஆக ஒரே வரிசையில் நான்கு சுழிகள். எல்லாவற்றையும் ஒரே அளவில் வரைந்து முதல் தாளைக் காட்டினார். நான்கு கண் நம்மை முறைக்கிற மாதிரி இருந்தது. வேண்டுமென்றேதான் அதை முதலில் காட்டினார்.

பிறகு கொம்பின் சுழிகளைச் சிறிதாக்கி, இரண்டையும் நெருக்கி, ஒரே கோட்டில் கை எடுக்காமல் எழுதின மாதிரி செய்தார். ல இரண்டின் சுழிகளும் பெரிதாக, திறந்து நின்றன. இரண்டு ல-வும் அச்சுக்கு அச்சாக இல்லை. முதல் ல தலையில் புள்ளியைத் தாங்க வேண்டும், அதனால் அதன் மேல்வளைவு சற்றுத் தட்டை. கடைசி ல சொல்லை முடித்து வைக்கிறது, அதனால் அதன் வலப்பக்கக் கோடு கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. ஃபான்டில் அடித்தால் இரண்டு ல-வும் ஒன்றேபோலத்தான் வரும். எந்தச் சொல்லிலும் பொருந்த வேண்டிய எழுத்து அப்படித்தான் இருக்க முடியும். இங்கே இருப்பது ஒரே சொல், அதற்குள் ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தைப் பார்த்து உட்காரலாம். நான் காசு கொடுத்தது இதற்குத்தான்.

எழுத்துக்கு நடுவில் விடுகிற இடத்தையும் அவர் அளந்து வைக்கவில்லை, கண்ணால் பார்த்து வைத்தார். மு-வின் வலப்பக்கம் நேராக இறங்குகிறது, அடுத்த ல-வின் இடப்பக்கம் வளைவு. ஸ்கேல் வைத்துச் சம இடைவெளி விட்டால் அங்கே ஓட்டை விழுந்த மாதிரி தெரியும் என்று இரண்டு விதமாகவும் ஒட்டிக் காட்டினார். ல-வின் அடிவளைவு அடிக்கோட்டைத் தொட்டு நிற்காமல் ஒரு மயிரிழை கீழே இறங்குகிறது. கோட்டோடு நிறுத்தினால் வளைந்த எழுத்து பக்கத்து நேர் எழுத்தைவிடக் குட்டையாகத் தெரியுமாம். பார்த்தேன், அப்படித்தான் தெரிந்தது.

ஆச்சி காலத்துத் தகர போர்டில் 'லை' பழைய வடிவம், யானைத் துதிக்கை மாதிரி ல-வின் மேலேயே வளைந்து ஏறும். பெரியார் 1935-லேயே குடி அரசில் அதை விட்டுவிட்டார். தமிழ்நாட்டு அரசு 1978-இல்தான் ஆணை போட்டு மாற்றியது. ணை, லை, ளை, னை நான்கும் அப்போதுதான் பாடப்புத்தகத்தில் இன்றைய வடிவத்துக்கு வந்தன. எங்கள் போர்டு அதற்கு முந்தினது. மாமாவுக்கு அந்தத் துதிக்கையே லோகோவில் வர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வடிவமும் உண்மையில் வாகானது, கொம்பு தனியாக இல்லாததால் சொல் மூன்று உருவத்தில் அடங்கிவிடுகிறது, சுழியும் குறைகிறது.

எழுத்தோவியர் அதையும் முழுதாக வரைந்தார், அரைமனதாக இல்லை. வரைந்துவிட்டு, மாமாவின் பேத்தியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். இங்கே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண். 'முல்' வரை வந்து நின்றுவிட்டாள். மாமாவிடம் யாரும் வாதாடவில்லை, அவரே தாளைத் திருப்பி வைத்துவிட்டார். பழைய வடிவம் இப்போது புதுக் கடையின் உள்சுவரில் பெரிதாக இருக்கிறது. பாக்கெட்டில் இன்றைய லை. இந்த ஏற்பாடு எனக்கு முழுத் திருப்தி.

மராத்தி எழுத்துதான் இந்த வேலையின் பாதிக் கனம். மகாராஷ்டிராவில் 2022-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற சின்னக் கடைக்கும் தேவநாகரியில் மராத்திப் பெயர்ப்பலகையைக் கட்டாயமாக்கினார்கள். மராத்தி முதலில் வர வேண்டும், மற்ற எந்த எழுத்தும் அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதம் அவகாசம் கொடுத்த பிறகு ஊர் முழுக்க அவசர அவசரமாக போர்டு மாற்றினார்கள். தாராவி, சயான், மாட்டுங்கா என்று நம் ஆட்கள் கடைகளைப் பாருங்கள். தேவநாகரியை ஏதோ ஒரு ஃபான்டில் பெரிதாக அடித்து, தமிழை ஒரு மூலையில் ஒடுக்கி வைத்திருப்பார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. மராத்தி எழுத்து இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாதி மராத்தி வீடுகள்தான். இரண்டு எழுத்தும் முன்பின் அறியாத இரண்டு பேர் மாதிரி ஒரே பலகையில் நிற்பதுதான் வருத்தம்.

இங்கே அவர் செய்தது நல்ல யோசனை. தேவநாகரியில் முல்லை எழுதினால் அகலம் குறைவு. இரண்டு ல-வும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், ஐகாரம் தலைக்கோட்டுக்கு மேலே போய்விடும். தமிழில் நான்கு உருவமும் படுக்கையாக நீளும். இரண்டையும் மேலும் கீழுமாக, ஒரே அகலத்தில் நிறுத்தினால், தேவநாகரி தானாகவே உயரமாகிவிடுகிறது. சட்டம் கேட்பது கிடைத்துவிட்டது. தமிழையும் ஒடுக்கவில்லை, அது பலகையின் முழு அகலத்துக்கு நீட்டி நிமிர்ந்து நிற்கிறது.

இரண்டையும் உறவாக்க அவர் பிடித்துக்கொண்டது உகரம். தமிழ் மு-விலும் அடியில் ஒரு வளைவு இறங்குகிறது, தேவநாகரி மு-விலும் அடியில் ஒரு கொக்கி தொங்குகிறது. இரண்டுக்கும் ஒரே வளைவு, ஒரே கனம் கொடுத்தார். ஐகாரத்தின் இரண்டு மேல்கோடுகளும் தமிழ்க் கொம்பின் இரண்டு சுழிகளும் ஒரே வேகத்தில் வளைகின்றன. சொல்லிக் காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் இரண்டும் ஒரே வீட்டு எழுத்து என்று பார்த்தவுடன் தெரிகிறது.

தமிழ் எழுத்தின் மேல் தலைக்கோடு போடலாமா என்று என் தம்பி கேட்டான். அதற்கு மட்டும் அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். தமிழ் ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது, தேவநாகரி போரு என்கிற நாணல் பேனாவால் எழுதி வளர்ந்தது, ஒன்றின் சட்டையை இன்னொன்றுக்கு மாட்ட வேண்டாம் என்றார். இரண்டையும் ஒரே சீரான கனத்தில் வரைந்தாலே போதும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதே எண்ணம். தலைக்கோடு போட்ட தமிழையும் ஆங்கிலத்தையும் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மராத்தியில் ல-வை இரு பக்கமும் சுழி வைத்து எழுதுவார்கள். வலப்பக்கம் நேர்க்கோடு வைத்து எழுதுவது இந்தி வழக்கம். பல ஃபான்டுகளில் சும்மா அடித்தால் இந்தி ல-தான் வருகிறது. எங்கள் பழைய பாக்கெட்டில் அதுதான் இருந்தது, எந்த அச்சகமும் அதைச் சொல்லவில்லை. இவர் முதல் நாளே கை வைத்துக் காட்டினார். புது பாக்கெட்டைப் பார்த்து ஒரு மராத்தி அம்மா, இப்போதுதான் எங்கள் ல போட்டிருக்கிறீர்கள் என்று சொன்னார்.

பாக்கெட்டில் அவர் பார்த்த இன்னொரு விஷயம் எனக்குத் தோன்றவே தோன்றாது. சைவ உணவுக்கான பச்சைச் சதுரம், அதற்குள் பச்சை வட்டம், அதைச் சட்டப்படி பொருளின் பெயருக்கோ பிராண்டு பெயருக்கோ பக்கத்தில் போட வேண்டும். எங்கள் பாக்கெட்டில் அது பெயரின் மேல் வலப்பக்கம் இருந்தது. 'ல்' புள்ளியும் பச்சை வட்டமும் ஒரே உயரத்தில் நின்றால் கண் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் ஓடும் என்று, பச்சைக் குறியைக் கீழே, மு-வின் வளைவுக்கு இடப்பக்கம் இறக்கிவிட்டார். புள்ளிக்கு மேலே சுற்றிலும் ஒன்றுமில்லை. பார்த்தால் சின்ன விஷயம், தட்டில் அடுக்கி வைத்தால் பெயர் சட்டென்று தெரிகிறது.

பாலித்தீன் கவரில் மை கொஞ்சம் பரவும், சிறிய சுழி அடைத்துக்கொள்ளும். அதற்காகச் சிறிய அளவுக்கென்று சுழிகளை இன்னும் திறந்து, கோட்டை மெலிய வைத்துத் தனி வடிவம் கொடுத்தார். ரப்பர் ஸ்டாம்பிலும் அதுவே. கறுப்பு எழுத்துக்கு ஒன்று, அடர் நிறத்தில் வெள்ளை எழுத்துக்கு ஒன்று என்று இரண்டும் தனித்தனி. இருட்டுப் பின்னணியில் வெள்ளைக் கோடு தடித்துத் தெரியும் என்பதால் வெள்ளையைச் சற்று ஒல்லியாக்கியிருக்கிறார். வண்ணம் கடைசியில்தான் வந்தது. கறுப்பில் நிற்காத எழுத்தை வண்ணம் காப்பாற்றாது என்பதால் அதுவரை கேட்கக்கூட விடவில்லை.

போர்டு செய்தது தாராவி 90 அடி ரோட்டில் ஒரு அண்ணாச்சி. அக்ரிலிக் எழுத்து, உள்ளே எல்இடி. கோப்பைத் திறந்தவர் என்னிடம், "ஏம்மா, இது வரைஞ்சது போர்டு வேலை தெரிஞ்ச ஆளுதான?" என்று கேட்டார். புள்ளி எழுத்தோடு ஒட்டாத தனித் துண்டு. அதற்குத் தனி ஆணி, தனி ஒயர் வேண்டும். புள்ளி ரொம்பச் சின்னதாக இருந்தால் உள்ளே விளக்கு வைக்க இடம் இருக்காது, இருட்டில் புள்ளி மட்டும் அணைந்து 'முலலை' ஆகிவிடும். போர்டுக்கான கோப்பில் அவர் புள்ளியைப் பெரிதாக்கித்தான் கொடுத்திருந்தார். தேவநாகரிக்குத் தலைக்கோடு இருப்பதால் எல்லா எழுத்தும் ஒரே துண்டாக வந்துவிட்டது, மாட்டுவதும் சுலபம் என்று அண்ணாச்சி சொன்னார்.

ஒப்பந்தத்தைப் பற்றி நான்கு வரி. எழுத்தோவியம் வரைந்தவரிடமிருந்து பதிப்புரிமை நம் கைக்கு வர எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி ஐந்து வருஷம்தான் கணக்கு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வளைகுடாவுக்கு அப்பளம் அனுப்புகிற எங்களுக்கு இது முக்கியம். அவர் ஒப்பந்தத்தில் உரிமைக் காலம் முழுவதும், எல்லா நாட்டுக்கும் என்று நாங்கள் கேட்காமலேயே இருந்தது. வரைந்த எழுத்தை அப்படியே வைத்து டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பித்தோம், அப்பளம் 30-ஆம் வகுப்பு. சிறு தொழில் என்றால் இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு ரூ. 4,500, பதிவானால் பத்து வருஷம், பிறகு புதுப்பிக்கலாம்.

குறைகளும் உண்டு. முதலாவது நேரம். பிள்ளையார் சதுர்த்திக்கு முன் தருவதாகச் சொன்னது நவராத்திரிக்குத்தான் வந்தது. தனியாள், அவசரப்படுத்த முடியாது, அது புரிகிறது. ஆனால் தாமதமாகும் என்பதை நாங்கள் கேட்டுத்தான் சொன்னார், அவராகவே சொல்லியிருக்க வேண்டும். பண்டிகைச் சரக்கு பழைய பாக்கெட்டிலேயே போனது.

இரண்டாவது ஆங்கில எழுத்து. தமிழிலும் தேவநாகரியிலும் இருக்கிற உயிர் அதில் இல்லை. எல் இரண்டும் குச்சி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, தமிழ்ச் சுழியின் சாயல் ஒரு இடத்தில்கூட இல்லை. வேறு யாரோ வரைந்து சேர்த்த மாதிரி இருக்கிறது. ஏற்றுமதிப் பெட்டியில் ஆங்கிலம்தான் பெரிதாக வருகிறது என்பதால் இதை நான் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை திருத்தம் கட்டணத்துக்குள் அடங்கும் என்பது பேச்சு, அந்த இரண்டும் தமிழுக்கே சரியாகப் போனது.

மூன்று லிபிக்கும் சேர்த்து ரூ. 45,000, பாதி முன்பணம். சிறிய அளவு வடிவத்துக்குத் தனியாக ரூ. 6,000 வாங்கினார். பாக்கெட்டில் அச்சடிக்கிற தொழிலுக்கு அது இல்லாமல் வேலையே முடியாது, ஆகவே முதல் விலையிலேயே சேர்த்துச் சொல்வதுதான் முறை. அச்சகத்தில் பாக்கெட் அடித்தால் லோகோ இலவசம் என்கிற ஊரில் இது பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். ஒரு சீசனுக்கு ஸ்டால் போடுகிறவர்களுக்கு இது தேவையில்லை, அனேக்கில் அடித்து, இடைவெளியை மட்டும் தெரிந்த ஒருவரை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். போர்டு, பாக்கெட், ஏற்றுமதி என்று பல வருஷம் ஓடப்போகிற பெயர் என்றால் தயங்காமல் போகலாம்.

போகிறவர்கள் பழைய பாக்கெட், பில், போர்டின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கோப்புகளை எஸ்விஜி, பிடிஎஃப் இரண்டிலும் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் வேண்டுமென்றால் முதல் நாளே அதையும் மேஜையில் வைத்துப் பேசுங்கள், கடைசிக்கு விடாதீர்கள். எங்கள் ஆங்கில எழுத்தைத் திரும்ப வரையச் சொல்லித் தனியாகக் காசு கொடுக்கச் சம்மதித்திருக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை தேதியை எழுதி வாங்கியிருக்கிறேன்.